பச்சை மை அடிக்குறிப்புகள்

முட்டாள்கள் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. பாடநூல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறேன். அந்தச் சுகத்துக்கு ஒருநாளும் குறை வந்ததில்லை.

எங்களுக்கு இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர் இயக்குநர், இன்னொருவர் இணை இயக்குநர். இயக்குநர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். கழற்றினால் உள்ளே ஆள் இருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டு. இணை இயக்குநர் வாய் திறக்கும் முன் இரண்டு தடவை கனைப்பார். பிறகு வருகிற பேச்சைவிட அந்தக் கனைப்பில்தான் சரக்கு அதிகம். அவர் கனைப்பு. கோட்டுக்குப் பதவியை விட மனசில்லை, கனைப்புக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. எங்கள் அலுவலகத்தின் மொத்த அரசியலும் இவ்வளவுதான். இதற்குப் போய் நாற்பது பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். கோட்டு ஆட்கள் முன்படிக்கட்டில் ஏறுவார்கள், கனைப்பு ஆட்கள் பின்படிக்கட்டில். தவறிப்போய் மாற்றி ஏறினவன் அன்றைக்கு முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அதை ஒரு பெரிய தகுதியாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

என் மச்சினனும் அங்கேதான் வேலை பார்த்தான். என் மனைவியின் ஒரே தம்பி. கணினியில் பக்கம் அமைக்கிறவன். நான் திருத்திக் கொடுக்கும் தாளைப் பார்த்து அவன் திரையில் சரிசெய்வான். நான்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம், எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். இந்த வருஷம் அவனை நிரந்தரமாக்கும் ஃபைல் ஒருவழியாக மேலே ஏறியது. அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். கனைப்பு முதலில் போட்டால் "இவன் அந்தாளோட ஆளா?" என்று கோட்டு திருப்பி அனுப்புவார். கோட்டு முதலில் போட்டால் கனைப்பு இரண்டு தடவை கனைத்துவிட்டு மேஜைக்கு அடியில் வைப்பார். அதே ஃபைல் ஏழு மாதமாக இரண்டு அறைகளுக்கு நடுவில் பந்தாடப்பட்டது.

"தம்பி ஃபைல் என்னாச்சு?" என்று என் மனைவி தினமும் கேட்பாள். செருப்பைக்கூட நான் கழற்றியிருக்க மாட்டேன்.

"நடக்குது."

"எங்க நடக்குது? ரெட்டைப் பொண்ண வெச்சுட்டு அவன் முழிக்கிறான். அடுத்த வருஷம் ரெண்டும் ஸ்கூல் போகணும். நீங்க அங்க இருபத்திரண்டு வருஷமா என்னத்த கிழிச்சீங்க?"

கிழித்தது எல்லாம் மெய்ப்புத் தாள்தான். அதைச் சொன்னால் இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் குனிந்து செருப்பைக் கழற்றுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நாவல் வந்தது. பதினோராம் வகுப்புக்குத் துணைப்பாடம். நூறு வருஷத்துக்கு முந்தைய அங்கத நாவல். ஒரு கடிகாரக் கடை முதலாளி கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். உள்ளே இருக்கும் கடிகாரங்கள் எல்லாம் கூடி இனி யார் சொல்வது சரியான நேரம் என்று தேர்தல் வைக்கின்றன. எப்போதோ நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஜெயித்துவிடுகிறது. அது மட்டும்தான் ஒருநாளும் பேச்சை மாற்றியதில்லையாம். தோற்றுப்போன அலாரக் கடிகாரம் கண்ட நேரத்தில் அடித்து ஊரைக் கூட்டுகிறது. எழுதினவர் எந்த அரசாங்கத்தை மனதில் வைத்து எழுதினாரோ, அந்த அரசாங்கமும் போய்விட்டது, அவரும் போய்விட்டார். புத்தகம் மட்டும் இருக்கிறது. நான் படித்த நல்ல புத்தகங்களில் அது ஒன்று. என் கையில் ஒப்படைக்கப்பட்டபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

வினை, மாதக் கூட்டத்தில் ஆரம்பித்தது. புதிய பாடத்திலிருந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். நான் எழுந்து, சுவர்க் கடிகாரம் பதவியேற்கும் இடத்தை வாசித்தேன். "பன்னிரண்டு மணி என்று சொன்னேன், பன்னிரண்டு மணி என்றே சொல்வேன்" என்று அது முழங்கும் இடம் வந்ததும், டம்ளர் எடுக்க வந்த டீ அம்மா களுக்கென்று சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா, கோட்டைப் பார்த்துச் சிரித்தாள். கனைப்பும் சிரித்தார். அடுத்த பத்தியில் அலாரக் கடிகாரம் வந்தது. இப்போது கோட்டு சிரித்தார். நாற்பது பேரும் குனிந்து தங்கள் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து இருவருக்கும் அந்த நாவல் தங்களைப் பற்றியது. நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிவிட்டுச் செத்துப்போன ஒரு மனிதன், வேலை மெனக்கெட்டு நம்மைத் திட்டியிருக்கிறான் என்று நம்ப எவ்வளவு தற்பெருமை வேண்டும்! இரண்டு பேருக்கும் அது தாராளமாக இருந்தது. மெய்ப்பு முழுவதையும் தாங்களே பார்ப்பதாக இருவரும் தனித்தனியாக உத்தரவு போட்டார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய விதி உண்டு. இயக்குநர் பச்சை மையில் எழுதுவார், இணை இயக்குநர் சிவப்பில், நான் நீலத்தில். ஒரே வரியில் இரண்டு மை மோதினால் பெரிய பதவியின் மைதான் செல்லும். பக்கம் அமைக்கிறவன் நிறத்தைப் பார்த்தால் போதும், மூளையைப் பயன்படுத்த வேண்டியதில்லை. இந்த விதியை எழுதினவன் எங்கள் அதிகாரிகளை நன்றாகத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்த மாதக் கடைசியில் கோட்டுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. காலையில், இயக்குநர் பொறுப்பைக் கனைப்பு ஏற்கலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மாலையில், கோட்டு இன்னும் ஒரு வருஷம் நீடிக்கலாம் என்று அதே மேலிடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இரண்டிலும் அதே முத்திரை, அதே தேதி. எது செல்லும் என்று கேட்டு எழுதினார்கள். பதில் வர பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் எங்களுக்கு இரண்டு இயக்குநர்கள். ஒரே அறை, ஒரே மேஜை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி. எழுந்தால் இடம் போய்விடும் என்ற பயத்தில் இருவரும் சாப்பாட்டைக்கூட அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் கழிவறைக்குப் போனால் நாற்காலியில் தன் ஆளை உட்காரவைத்துவிட்டுப் போவார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

மச்சினனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் கை நிறையத் தாளோடு என் மேஜைக்கு வந்தான்.

"அத்தான், ரெண்டு பேரும் பச்சையிலயே எழுதறாங்க. நான் எதைப் போடட்டும்?"

வாங்கிப் பார்த்தேன். நாற்பத்து மூன்றாம் பக்கம். 'சுவர்க் கடிகாரம் நின்று இருபது வருஷமாகிறது. நிமிர்ந்து தொங்குவதால் யாரும் கேட்பதில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் கோட்டு எழுதியிருந்தார்: 'இருபது என்பது என் பணிக்காலத்தைக் குறிப்பது போல் உள்ளது. நீக்கவும்.' அதற்குக் கீழே கனைப்பு: 'நீக்க வேண்டாம். உண்மை.' ஐம்பத்து எட்டாம் பக்கம். 'அலாரக் கடிகாரம் அடித்தால் எழுபவர்கள், அதன் தலையில் ஒன்று போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுகிறார்கள்.' கனைப்பு: 'நாகரிகமற்ற வரி. நீக்கவும்.' கோட்டு: 'இருக்கட்டும். மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.' எழுபத்து ஒன்றாம் பக்கத்தில் கோட்டு ஒரு படி மேலே போயிருந்தார்: 'இதை எழுதியவரை நேரில் வரச் சொல்லவும்.' கனைப்பு அதையும் விடவில்லை: 'அவர் என் அறைக்கு முதலில் வர வேண்டும்.'

"சிரிக்காதீங்க அத்தான். ஒருத்தர் சொன்னத போட்டா இன்னொருத்தர் என் ஃபைல கிழிச்சுடுவார். நான் யார்கிட்ட போய் கேக்கறது?"

அவன் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. எனக்கோ குதூகலம் தலைக்கேறியிருந்தது.

"எதையும் எடுக்காதே. வரியும் இருக்கட்டும், இவங்க ஓரத்துல எழுதினதும் இருக்கட்டும். ஒண்ணு விடாம அடிக்குறிப்பா போடு. யார் யார் எழுதினதுன்னு 'இயக்குநர்'னே போடு, ரெண்டுக்கும்."

"அச்சுலயா? விளையாடறீங்களா?"

"கடைசிப் பிரதி அவங்க ரெண்டு பேர்கிட்டயும்தானே போகும்? படிச்சுப் பார்த்து அசிங்கப்படட்டும். அப்பறம் அவங்களே எடுக்கச் சொல்லுவாங்க. நான் இருக்கேன்ல, போடு."

போட்டான். நான் சொன்னால் அவன் செய்வான். ஒன்பது வருஷமாக அப்படித்தான். மொத்தம் முப்பத்தேழு அடிக்குறிப்புகள்.

கடைசிப் பிரதி நூற்று அறுபது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். யார் முதலில் போடுவது என்று காலை முழுக்கச் சண்டை. கடைசியில் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தோம். இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். நான் எதிரில் கைகட்டி நின்றேன். கோட்டு கனைப்பின் கையைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார். கனைப்பு கோட்டின் கையைப் பார்த்தபடி போட்டார். தாளை ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு பக்கம் முந்திக்கொண்டு முடித்த கோட்டு பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்து வெற்றியோடு தலையசைத்தார். படிக்கத் தெரிந்தவர்கள்தான் பாடநூல் அலுவலகத்துக்குத் தலைவராக வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

கட்டு என்னிடம் திரும்பி வந்தது. மச்சினன் ஓடி வந்தான்.

"பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க? எடுத்துடலாமா அத்தான்? கால் மணி நேர வேலைதான்."

"கையெழுத்து போட்டாச்சு. இனிமே அது அவங்க தலைவலி. அச்சுக்கு அனுப்பு."

அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு அனுப்பினான். கால் மணி நேரம்! நானே உட்கார்ந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எனக்கு வேடிக்கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எண்பதாயிரம் பிரதிகள் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. இதற்குள் மேலிடம் கோட்டுக்கே பதவி என்று சொல்லிவிட்டது. கனைப்பு மறுபடி சிவப்பு மைக்குத் திரும்பினார். ஃபைல் மறுபடி பந்தாடப்பட்டது. பிறகு ஒரு ஆசிரியரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நாவலின் சிறந்த பாத்திரங்கள் அடிக்குறிப்பில் சண்டையிடும் இரண்டு இயக்குநர்கள்தான் என்றும், மாணவர்கள் அந்தப் பகுதியை நடித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தார். கூடவே அரையாண்டுத் தேர்வு வினாத்தாளையும் இணைத்திருந்தார். அதில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: "'நீக்க வேண்டாம், உண்மை' என்றவர் யார்? அவருடைய குணநலன்களை விளக்குக." கடிதத்தின் நகல் மேலிடத்துக்கும் போயிருந்தது. அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குள் காரணமானவர் பெயர் வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒரு வருஷமாகக் கடித்துக் குதறிக்கொண்டவர்கள் பத்தே நிமிஷத்தில் கூட்டாளியானார்கள். என்னைக் கூப்பிட்டபோது இருவரும் ஒரே பாக்கெட்டிலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க புரூஃப் சார்" என்றார் கோட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

கனைப்பு இரண்டு தடவை கனைத்தார். "நாங்க ஓரத்துல எழுதினது எங்களுக்குள்ள பேசிக்கிட்டது. அத அச்சுல ஏத்தினது யாரு? பக்கம் அமைக்கிற பையன். உங்க மெய்ப்புல அடிக்குறிப்பு எதுவும் இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா விஷயம் முடிஞ்சுது."

"நீங்க கையெழுத்து போட்ட பிரதில இருந்துச்சே சார்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. அதோடு தீர்ந்தும் போனது.

கோட்டு சிரித்தார். "அந்தக் கட்டு இப்ப எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பாருங்க, ஒருத்தர் போனா போதும். நீங்களும் போகணும்னா சொல்லுங்க, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கும் வேலை போறது நல்லாவா இருக்கும்? பதிப்பாசிரியர் இடம் வேற காலியா இருக்கு. ஜன்னல் வெச்ச ரூம்."

தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. மூன்றே வரி. 'பக்கம் அமைப்பவரின் தன்னிச்சையான செயல். நான் பார்த்த மெய்ப்பில் இவை இல்லை. என் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை.' இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் பிழையைக் கண்டுபிடித்து வட்டமிட்டவன் நான். அந்த மூன்று வரியும் பொய். வீட்டில் ஒருவனுக்காவது சம்பளம் வரட்டும், அவனுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம், அவன் சின்னப் பையன், எங்கேயும் பிழைத்துக்கொள்வான் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். அந்த ஜன்னலையும் நினைத்தேன். மறைக்க விரும்பவில்லை, நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மச்சினனை உள்ளே கூப்பிட்டார்கள். போகும்போது என்னைப் பார்த்து, 'பயப்படாதீங்க' என்பது போல் தலையை ஆட்டிவிட்டுப் போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"யார் சொல்லிப் போட்ட?" கனைப்பின் குரல்.

சொல்லிவிடுவான். சொல்லாமல் எப்படி இருப்பான்? சொன்னால் என் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? ஒரு நிமிஷம் அவன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் போட்டேன்."

"புரூஃப் சாருக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுவும் தெரியாது. அவர இதுல இழுக்காதீங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. என் தாளைத்தான் அவனிடம் நீட்டியிருக்கிறார்கள். அந்த அறையில் ஒரு தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தது அவன் ஒருவன்தான். ரொம்ப நேரம் படித்தான். மூன்று வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

வெளியே வந்தபோது முகம் சாதாரணமாகவே இருந்தது. தன் மேஜைக்குப் போய் டிபன் டப்பாவையும், பெண் குழந்தைகள் இருவரும் இருக்கும் போட்டோவையும் பைக்குள் வைத்தான். முன்படிக்கட்டுக்காரர்களும் பின்படிக்கட்டுக்காரர்களும் ஒன்றாகக் கூடி நின்று பார்த்தார்கள். டீ அம்மா மட்டும், "பாவிங்களா" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அவனோடு வாசல் வரை நடந்தேன். என்னமோ சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"விடுங்க அத்தான்" என்றான். "அக்காகிட்ட அந்தப் பேப்பர் விஷயத்த மட்டும் சொல்லிடாதீங்க. அவ தாங்க மாட்டா. வேலை போச்சுன்னு நானே ஃபோன் பண்ணி சொல்லிக்கறேன்."

என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேர் பார்க்க ஓர் அறை விட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். நான் உள்ளே திரும்பிவிட்டேன், அன்றைக்கு இன்னும் பன்னிரண்டு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி அழுது முடித்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி சொன்னான். அந்த ரெண்டு கிராதகனும் சேர்ந்து அவன் தலையில கட்டிட்டாங்களாம். ஒன்பது வருஷம் உழைச்சவனுக்காக அந்த ஆபீஸ்ல பேச ஒரு நாதி இல்ல. எல்லாம் மனுஷங்களா?"

"இல்ல" என்றேன்.

"நீங்க எவ்வளவோ போராடிப் பார்த்தீங்களாம். அவங்க கேக்கலையாம். தம்பிதான் சொன்னான், அத்தான ஒண்ணும் கேக்காத, அவரே நொந்துபோயிருக்காருன்னு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தினமும் உங்கள எவ்வளவு திட்டியிருப்பேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் கை சூடாக இருந்தது. நான் இன்னொரு கையால் டம்ளரை எடுத்தேன். டீ ஆறிப்போயிருக்கிறது என்று சொன்னேன். அவள் எழுந்து போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள், முழுவதையும் குடித்தேன்.